ஆதாமின் சாவும் மற்றவர்களின் சாவும்

ஆதாம் பாவம் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் இயற்கையாகவே செத்திருப்பான் என்று சொல்பவன் சபைக்குப் புறம்பானவன். கி.பி. 418-ல் கார்த்தேஜில் கூடிய ஆப்பிரிக்க ஆயர்கள் இயற்றிய முதல் விதி இது. அப்படிப் போதித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட பெலேஜியஸையும் அவருடைய கூட்டாளி செலஸ்தியுஸையும் குறிவைத்த விதி. இதற்குப் பின்னிருந்த பெரிய மூளை ஹிப்போ ஆயர் அகுஸ்தினாருடையது. 1546-ல் திரெந்து பொதுச்சங்கமும் அதே வழியில் சென்றது. கட்டளையை மீறிய ஆதாம் கடவுளின் சினத்துக்கும் மரணத்துக்கும் ஆளானான், அது அவன் வழிவந்த எல்லோர்மீதும் இறங்கியது என்றது. ஆகவே, மரணத்தைத் தண்டனை என்று கிறிஸ்தவம் போதித்ததே இல்லை என்று இன்று சிலர் சமாளிப்பது எடுபடாது. போதித்திருக்கிறது, அதிகாரத்தோடு. அந்தப் போதனை தான் நம்பியிருக்கும் ஆதாரங்களின் முன் நிற்குமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஆதியாகமத்திலிருந்து தொடங்கலாம். விலக்கிய கனியைத் தின்னும் நாளில் சாவு வரும் என்பது எச்சரிக்கை. தின்றவன் அன்று சாகவில்லை; 930 வருஷம் வாழ்ந்தான் என்று ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. தீர்ப்பு சொல்லும் இடத்தில் பாம்பு சபிக்கப்படுகிறது, நிலம் சபிக்கப்படுகிறது. மனிதன் மண்ணுக்குத் திரும்புவான் என்று சொல்லப்படுகிறது. அதற்கு அங்கே தரப்படும் காரணம் அவன் மண் என்பதே. அப்புறம் வாழ்வின் மரத்தை அவன் எட்டிவிடாதபடி தோட்டத்திலிருந்து துரத்துகிறார் கடவுள். சாவாமை உடம்போடு கூடப் பிறந்ததாக இருந்தால் அந்த மரத்துக்குக் காவல் எதற்கு? துரத்தியது தண்டனைதான், அதை மறுக்க முடியாது. ஆனால் தண்டனை துரத்தலோடு முடிகிறது. சாவு, வெளியே நிற்கும் மண்ணுக்குத் தானாக நேர்வது. பல அதிகாரங்கள் தள்ளி ஆபிரகாம் நிறைவயதில் கண்மூடுகிறார். அங்கே தண்டனையின் வாடையே இல்லை.

இந்த வாசிப்பு நவீனர்களின் கண்டுபிடிப்பு அல்ல. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார், இறைவார்த்தை மனிதரானதைப் பற்றிய தம் நூலில் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார். ஒன்றுமில்லாமையிலிருந்து படைக்கப்பட்ட மனிதன் இயல்பில் அழியக்கூடியவன். கடவுளோடு இருந்த உறவே அவனைத் தாங்கியது. முகம் திருப்பியதும் தன் இயல்புக்கே சரிந்தான். ஒடித்த கிளை வாடுவதை யாரும் கிளைக்கு விதித்த தண்டனை என்பதில்லை. கடவுள் தம் எச்சரிக்கையில் பொய்க்கக் கூடாது என்ற வாதமும் அதே நூலில் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் அது ஏமாற்று. ஆனாலும் அவர் காட்டும் கடவுள், தம் படைப்பு அழிந்துபோவதைப் பொறுக்காதவர். இரண்டாம் நூற்றாண்டின் இரனேயு இன்னும் ஒரு படி போனார்: பாவம் முடிவில்லாமல் நீளாதபடி கடவுள் இரங்கி வைத்த எல்லை மரணம் என்றார்.

தண்டனைக் கட்சியின் உண்மையான பலம் பவுல். ரோமருக்கு எழுதிய நிருபத்தில் ஒரே மனிதனால் பாவமும், பாவத்தால் மரணமும் உலகத்தில் நுழைந்தன என்கிறார். மரணத்தைப் பாவத்தின் கூலி என்கிறார். இதை எளிதில் தள்ள முடியாது. ஆனால் அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, கடைசியாக ஒழிக்கப்படும் பகைவன் மரணம் என்கிறார். கடவுள் தம் நீதியை நிறைவேற்ற அனுப்பிய ஊழியனாக மரணம் இருந்தால், அதைக் கடவுளே ஒழிக்க வேண்டிய பகைவன் என்று எப்படிச் சொல்வது? கத்தோலிக்கரும் கீழைச் சபையினரும் ஏற்கும் சாலமோனின் ஞானம் என்ற நூலோ, சாவைக் கடவுள் உண்டாக்கவில்லை என்றே சொல்லிவிடுகிறது.

வசனத்துக்கு வசனம் வைத்து இந்த வழக்கை முடிக்க முடியாது. யாருடைய சாவு என்று கேட்டால்தான் பிடி கிடைக்கிறது.

ஞானஸ்நானம் பெற்று, பாவம் மன்னிக்கப்பட்டவர் ஏன் சாகிறார்? கிறிஸ்து தண்டனையை ஏற்றுத் தீர்த்துவிட்டார் என்றால் இந்தச் சாவு எதற்கு? அகுஸ்தினாரே இதில் திணறினார். ஞானஸ்நானம் பெற்றதும் சாவு நீங்கிவிடுமானால், ஜனங்கள் சாவுக்குத் தப்பவே ஓடி வருவார்கள், விசுவாசம் வலுவிழக்கும் என்று சமாதானம் சொன்னார். கெட்டிக்காரப் பதில்தான், ஆனால் அந்தப் பதிலுக்குள் சாவு தண்டனையாக இல்லை, பயிற்சியாக மாறிவிட்டது. கிறிஸ்து நம் தண்டனையைச் சுமந்தார் என்பதில் விட்டுக்கொடுக்காத சீர்திருத்தச் சபையினர் 1563-ல் வெளியிட்ட ஹைடல்பர்க் வினாவிடை, 42-ஆம் கேள்வியில் இதையே கேட்கிறது. விசுவாசியின் மரணம் பாவத்துக்கான ஈடு அல்ல, பாவம் செய்வதற்கு முடிவும் நித்திய வாழ்வுக்கு வாசலும் என்கிறது விடை. தண்டனை என்ற பெயரை அதன் காவலர்களே இங்கே எடுத்துவிடுகிறார்கள்.

மரியாளைப் பார்க்கலாம். ஆதாமிலிருந்து வழிவழியாக வரும் ஜென்மப் பாவமின்றி உற்பவித்தவர் என்று 1854-ல் ரோம் வரையறுத்தது. மரணம் அந்தப் பாவத்தின் தண்டனை என்றால் அவர் சாக வேண்டியதில்லை. கீழைச் சபைகளோ ஆகஸ்ட் 15-ல் அவருடைய துஞ்சுதலையே கொண்டாடுகின்றன. படங்களில் அவர் படுக்கையில் உயிரற்றுக் கிடக்கிறார், கிறிஸ்து அவருடைய ஆன்மாவைக் குழந்தைபோல ஏந்தி நிற்கிறார். 1950-ல் விண்ணேற்பை வரையறுத்த திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மண்ணக வாழ்வின் ஓட்டம் முடிந்தபின் என்று எழுதி, இறந்தாரா என்பதை வரையறைக்குள் கொண்டுவரவில்லை. ராஜதந்திரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மரியாளை விட்டுக் குழந்தைகளிடம் வந்தால், பச்சிளம் குழந்தைகளின் சாவை அகுஸ்தினார் ஜென்மப் பாவத்துக்குச் சான்றாக்கியதோ இந்தப் போதனையின் மிகப் பலவீனமான இடம். தகப்பனின் குற்றத்தைப் பிள்ளை சுமக்காது என்று எசேக்கியேலின் 18-ஆம் அதிகாரம் கடவுள் பெயரால் அறிவிக்கிறது.

என் முடிவு இது. மனிதகுலம் சாவை எதிர்கொள்ளும் நிலைக்கும் பாவத்துக்கும் தொடர்பு உண்டு என்பது கிறிஸ்தவத்தில் அசைக்க முடியாத பகுதி. அதை எடுத்துவிட்டால் உயிர்ப்புச் செய்திக்கே வேலை இல்லை. அந்தத் தொடர்பில் சாவு ஒரு விளைவு. 1992-ல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் மரணத்தைப் பாவத்தின் விளைவு என்றே வகைப்படுத்துகிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட மனிதரின் சாவைக் கடவுள் அவருக்கு விதித்த தண்டனை என்று படிக்க இந்த மதத்தில் பொது விதி கிடையாது. சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே சொல்கிறார். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, வேளாங்கண்ணிக் கடற்கரையில் சுனாமியில் மாண்ட திருப்பயணிகளுக்கும் அந்தப் பதிலே பொருந்தும். மனம் திரும்புங்கள் என்று அவர் சேர்த்துச் சொன்னது உயிரோடு நின்று கேட்டவர்களுக்கு. செத்தவர்களைப் பற்றிய விளக்கம் அல்ல.

இந்த முடிவுக்கு இடைஞ்சலாக ஒரு பகுதி இருக்கிறது, மழுப்ப விரும்பவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் ஐந்தாம் அதிகாரத்தில் அனனியாவும் சப்பீராளும் பொய் சொல்லிப் பேதுருவின் முன் விழுந்து சாகிறார்கள். அது தண்டனையாகவே வாசிக்கப்படுகிறது, நியாயமாகவே. ஆனால் சீலோவாம் கோபுரத்தைப் பதிவுசெய்தவரும் அதே லூக்காதான். ஓர் அசாதாரண நிகழ்ச்சியை எழுதியவர், அதைச் சாவுக்கெல்லாம் அளவுகோலாக்கவில்லை. அளவுகோல் கேட்டவர்களுக்கு இயேசு சொன்ன மறுப்பையே தம் சுவிசேஷத்தில் எழுதிவைத்தார்.