மெய்ப்பாடும் தன்னுடல் உணர்வும்

மனவெழுச்சி நுண்ணறிவு என்னும் கருத்தை 1990ஆம் ஆண்டில் சலோவே, மேயர் ஆகிய உளவியலாளர் முறைப்பட வகுத்துரைத்தனர். தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் இனங்கண்டு, அவ்வறிவைச் சிந்தனைக்கும் செயலுக்கும் வழிகாட்டியாக்கும் ஆற்றலையே அவர்கள் அவ்வாறு குறித்தனர். இதனைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அன்றே கூறிவிட்டார் எனப் பெருமை கொள்வோர் நம்மிடையே உளர். இக்கூற்று ஆராயற்பாலது.

உள்ளத்து நிகழ்வது உடலின்வழிப் பிறர்க்குப் புலனாதலே மெய்ப்பாடு. நகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கும் தொல்காப்பியர், ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகின்றார். இழவும் வறுமையும் அழுகைக்கு உரியன. விலங்கும் கள்வரும் அச்சத்துக்கு உரியன. களவொழுக்கத்தின் தொடக்கத்தில் தலைவியின் நெற்றி வியர்த்தலையும் அவர் விடவில்லை. ஆயின், கண்ணாலும் செவியாலும் நுணுகி உணர்வார்க்கன்றி இப்பொருளைக் காண்டல் அரிது என்றே இயலை முடிக்கின்றார். கண்ணும் செவியும் புறத்தை நோக்கும் பொறிகள். ஆகவே அவர் வேண்டுவது பிறர் மெய்யை அறியும் பயிற்சியேயாம்.

1884இல் வில்லியம் ஜேம்ஸ் எழுப்பிய வினா இதனின் வேறானது. உடலில் நேரும் மாற்றத்தை நாம் உணர்தலே உணர்ச்சி என்றார் அவர். நெஞ்சத்துடிப்பும் மூச்சின் தடையும் வயிற்றின் கலக்கமும் கண்ணுக்கும் செவிக்கும் எட்டாதவை. அவற்றை அறிபவன் அவற்றை உடையவனே. அவ்வாறு அறிதல் மட்டுமே நுண்ணறிவு ஆகிவிடாது. துடிப்பைக் கூர்மையாக உணர்பவன் பதற்றத்தையும் மிகுதியாக உணரக்கூடும். குறிப்பை உணர்தல் ஒன்று. அதன் பொருளைத் தெளிதல் மற்றொன்று.

இவ்விரண்டாவதற்குச் சான்று தேடின் இலக்கணத்தினும் செய்யுளே துணையாகின்றது. குறுந்தொகையின் 27ஆம் பாடலில் வெள்ளிவீதியாரின் தலைவி, தன் அழகு தனக்கும் பயன்படாது தலைவனுக்கும் உதவாது பசலைக்கு இரையாவதைத் தானே உரைக்கின்றாள். பசலை பிறர் கண்ணுக்கும் தோன்றுவதே. எனினும் இங்கு அதனைக் கண்டு பொருள் கூறுபவள் அவளே. மெய்ப்பாட்டியல் நோக்கும் திசை இவ்விடத்துத் திரும்பிவிடுகின்றது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. வயிறு எரிகிறது, நெஞ்சு பதைக்கிறது என்று நம்மவர் கூறும்போது அதனை வெறும் நோயாகக் கொள்வாரும் உளர். வெறும் வழக்காறாகத் தள்ளுவாரும் உளர். இரு சாராரும், உடலைக்கொண்டு தன் உள்ளத்தை அறிய முயலும் ஒருவரின் சொல்லைக் கேளாது விடுகின்றனர். எல்லாம் தொல்காப்பியத்தில் உண்டு என அமைந்துவிடின், அச்சொல்லை ஆராயும் கடமையும் நம்மை விட்டு நீங்கும். தொல்காப்பியர்க்கு நாம் செய்யத்தக்க சிறப்பு, அவர் கூறாததை அவர்மேல் ஏற்றுவதன்று. அவர் நிறுத்திய இடத்திலிருந்து மேலே செல்வதேயாகும்.