எக் தீவின் 5 கிலோவாட் வரம்பு

வீட்டுக்கு 5 கிலோவாட், தொழிலுக்கு 10. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள எக் தீவின் மின் நிர்வாகம் பெரும்பாலும் இந்த ஒரே விதியில் ஓடுகிறது. மீறினால் இணைப்பு தானாகவே நின்றுவிடும். பராமரிப்புக் குழுவிலிருந்து ஒருவர் வந்துதான் திரும்பக் கொடுப்பார். அதற்குக் கட்டணமும் உண்டு.

ஏறத்தாழ நூறு பேர் வாழும் இத்தீவை, தீவுவாசிகளும் பங்குபெற்ற அறக்கட்டளை 1997இல் விலைக்கு வாங்கியது. நாட்டின் பெருமின்தொகுப்போடு தீவுக்குத் தொடர்பு இல்லை. வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர் உறுமிய காலம் 2008 பிப்ரவரியில் முடிந்தது. ஓடைநீர், காற்று, வெயில் மூன்றையும் பேட்டரிகளோடு இணைத்த மைக்ரோகிரிட் அன்று முதல் இயங்குகிறது. தேவையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை இவையே தருகின்றன, மிச்சத்துக்கு டீசல்.

விதியின் பலம் அதன் எளிமை. எந்த நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பதைக் கெட்டிலும் சலவை இயந்திரமும் வைத்திருக்கும் எவரும் மனக்கணக்காகப் போட்டுவிடலாம். பணக்காரருக்கும் மற்றவருக்கும் ஒரே அளவு என்பதால் சண்டையும் குறைவு. இன்னொரு ஏற்பாடு எனக்கு அதைவிடப் பிடிக்கிறது: பேட்டரி நிரம்பியதும் இன்வெர்ட்டர்கள் மின்னோட்டத்தின் அதிர்வெண்ணைச் சற்றே உயர்த்துகின்றன, அதை உணர்ந்து பொது மண்டபம் போன்ற கட்டடங்களின் ஹீட்டர்கள் தாமாக இயங்கத் தொடங்குகின்றன. இணையம் வேண்டாம், தனி மென்பொருள் வேண்டாம். உபரி ஊருக்கே வெப்பமாகிறது.

ஆனால் வரம்பு கட்டுப்படுத்துவது கிலோவாட்டை. தட்டுப்பாடு வருவதோ யூனிட்டில். நாள் முழுக்க 5 கிலோவாட் இழுக்கும் வீடு 120 யூனிட் செலவழித்தாலும் விதியை மீறவில்லை. மழை கொட்டும் ஜனவரி இரவுக்கும் ஓடை வறண்ட ஜூன் பகலுக்கும் அதே 5தான். காற்றாலைகள் நான்கும் சேர்ந்து 24 கிலோவாட். முக்கிய நீர்மின் நிலையம் மட்டும் 100. ஆக, தீவின் நிச்சயமின்மை பெரும்பாலும் மழையின் நிச்சயமின்மை. 2010இல் மழை பொய்த்தபோது இது வெளிப்பட்டது. மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார்கள், டீசலும் ஓடியது. வரம்பு அங்கே உதவவில்லை, அக்கம்பக்கத்தாரின் ஒத்துழைப்புதான் உதவியது.

கணக்கில் இன்னொரு நம்பிக்கையும் ஒளிந்திருக்கிறது. நாற்பது வீடுகள் ஒரே நேரத்தில் வரம்பைத் தொட்டால் 200 கிலோவாட். எல்லோரும் ஒரே நேரத்தில் தொடமாட்டார்கள் என்பதால்தான் இது நடக்கிறது. வீட்டைச் சூடாக்குவதும் கார் ஓட்டுவதும் மின்சாரத்துக்கு மாறினால், குளிர் மாலையில் எல்லா வீடுகளும் ஒன்றாகவே இழுக்கும்.

இதுபோன்ற கட்டுப்பாடு பீகாரின் தர்னாய் கிராமத்தில் எடுபடவில்லை. 2014இல் கிரீன்பீஸ் அங்கே 100 கிலோவாட் சூரிய மைக்ரோகிரிட் அமைத்தது. அதிகம் இழுக்கும் சாதனங்கள் கூடாது என்றதும் மக்கள் ‘அசல் மின்சாரம்’ கேட்டார்கள். மானிய விலையில் அரசு மின்சாரம் வந்தது. சூரிய மின்சாரத்தின் விலை அதைவிட அதிகம். திட்டம் நாளடைவில் செயலிழந்தது. எக் மக்களுக்கு வேறு வழி இல்லை, அமைப்பும் அவர்களுடையது. இந்த இரண்டையும் கழித்துவிட்டு வரம்பின் வெற்றியை மட்டும் பாராட்டுவது நேர்மையான திறனாய்வு ஆகாது.

வானிலை முன்கணிப்பை வைத்து மணிக்கு மணி விலையை மாற்றும் மென்பொருள்தான் மாற்று என்பார்கள் பொறியாளர்கள். ஆனால் சிறிய ஓடையின் நாளைய நீரளவைத் துல்லியமாகக் கணிப்பது கடினம். நூறு பேருக்கு அத்தனை சிக்கலும் மிகை. வரம்பையே நெகிழ்த்தலாம்: வறட்சியில் 3, கம்பியும் இன்வெர்ட்டரும் தாங்குமானால் உபரி இரவுகளில் 7; முந்தைய நாளே அறிவிப்பு. மக்களின் மனக்கணக்கு கெடாமல் யூனிட் பற்றாக்குறையையும் தொடும் வழி இதுவே. நிலையான 5 கிலோவாட், தொடக்கத்துக்குச் சரியான விதி. அடுத்த இருபது ஆண்டுக்கு அது போதாது.