கோடு கிழிக்கும் கை

ஆளுங்கட்சி தொகுதி எல்லைகளைத் தன் வசதிக்கு வளைத்தால், நீதிமன்றம் தட்டிக் கேட்கலாமா? 2019-இல் ருச்சோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் கைவிரித்தது. கைவிரித்த ஐவரும் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். மறுத்தெழுதிய நால்வரும் ஜனநாயகக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். ஆனால் நியமித்தவர் பெயரைப் பார்த்துத் தீர்ப்பைத் தள்ளுவது திறனாய்வு ஆகாது. வாதங்களை எடைபோட வேண்டும்.

வழக்கின் களம் வட கரோலினா. இரு கட்சிகளும் ஏறக்குறைய சமபலத்தில் நிற்கும் மாநிலம். ஆனால் 2016 வரைபடம் பிரதிநிதிகள் சபையின் 13 இடங்களில் 10-ஐக் குடியரசுக் கட்சிக்கு ஒதுக்கியது. 11 கிடைக்கும்படி வரைய முடியாததால்தான் 10 என்று எல்லை வரைவுக் குழுவின் இணைத்தலைவர் டேவிட் லூயிஸ் குழுக் கூட்டத்திலேயே சொன்னார். மேரிலாந்தில் இதே வேலையைச் செய்தது ஜனநாயகக் கட்சி. அங்கே 8-க்கு 7.

இது அநீதி என்பதைத் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் மறுக்கவில்லை. எது நியாயமான பங்கு என்று அளக்கச் சட்டத்தில் அளவுகோல் இல்லை, தலையிட்டால் நீதிமன்றம் கட்சிச் சண்டைக்குள் விழும் என்பவை அவர் வாதங்கள்.

முதல் வாதம் நிற்கவில்லை. மாநிலத்தின் சொந்த விதிகளின்படி கணினி வரைந்த 3,000 வரைபடங்களை, மறுத்தெழுதிய நீதிபதி கேகன் சுட்டிக்காட்டினார். ஒவ்வொன்றிலும் ஜனநாயகக் கட்சிக்குக் குறைந்தது ஓரிடம் கூடுதல். கட்சி கடந்தும் இப்படி அளக்க முடிந்திருக்கிறது: மேரிலாந்து வரைபடத்தை ரத்து செய்த கீழமை நீதிமன்ற அமர்வின் மூவரில் இருவர், ஜனநாயகக் கட்சி அதிபர் ஒபாமா நியமித்தவர்கள்.

இரண்டாவது வாதத்தின் அச்சம் மெய்யானது. 2022 பிப்ரவரியில் வட கரோலினா உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று கட்சிச் சாய்வான வரைபடத்தை ரத்து செய்தது. நவம்பர் தேர்தலில் நீதிபதிகள் மாறினார்கள். 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே புரட்டியது. மாநில அரசியல் சாசனத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. அப்போது 14 ஆகியிருந்த இடங்களில் 7-க்கு 7 என்றிருந்த பிரதிநிதிகள், 2024-இல் குடியரசுக் கட்சிக்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 4 என்று ஆனார்கள்.

ஆனால் இந்த நிகழ்வே ராபர்ட்ஸைத் திருப்பித் தாக்குகிறது. மாநிலங்களிடம் போகலாம் என்ற பொருளில் சொன்னார் அவர். ஆயுட்காலப் பதவியில் இருப்பவர்கள் அஞ்சி விலகிய வழக்கை, கட்சிப் பெயரோடு தேர்தலில் நிற்கும் நீதிபதிகளின் தலையில் கட்டினார்.

ஆகவே ருச்சோ தீர்ப்பு தவறு. நோயைச் சரியாகக் கண்டும் மருந்தை மறுத்த தவறு. நிலையான தீர்வு நீதிமன்றத்துக்கு வெளியேதான் இருக்கிறது: அயோவாவில் 1980 முதல், கட்சி சாராத ஊழியர்கள் வாக்குக் கணக்கைப் பார்க்காமலே எல்லை வரைகிறார்கள். அந்த ஏற்பாட்டைத் தர வேண்டியவர்களோ, வளைந்த கோடுகளால் வென்றவர்கள். அவர்களாகக் கோலைக் கீழே வைக்க மாட்டார்கள். அதனால்தான் நீதிமன்றக் கதவு திறந்திருக்க வேண்டும்.