அளவும் அவகாசமும்: யதார்த்த ஓவியம் ஏன் நிலைக்கிறது?

1839இல் பாரிஸில் டாகெரின் புகைப்பட முறை வெளியானதுமே, உள்ளதை உள்ளபடி வரையும் ஓவியத்துக்கு நாள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். பிறகு கியூபிசம் வந்தது, அரூப ஓவியம் வந்தது, கருத்துருக் கலை வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது யதார்த்தவாதத்துக்கு ஒருமுறை கருமாதி நடந்தது. ஆனாலும் உலகின் பெரிய அருங்காட்சியகங்களிலும் ஏலக்கூடங்களிலும் அது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இதைப் பழமைவிரும்பிகளின் ரசனை என்று தள்ளிவிட முடியாது. ‘அச்சு அசலாக இருக்கிறதே’ என்ற வியப்பும் போதுமான காரணமல்ல. அந்த வியப்பைக் கைபேசி இலவசமாகத் தருகிறது. யதார்த்த ஓவியம் எழுப்பும் கேள்விகள் வேறு. சுவரில் யாருக்கு எவ்வளவு இடம்? யாரைப் பார்க்க எவ்வளவு நேரம்?

இடத்திலிருந்து தொடங்குவோம். குஸ்தாவ் கூர்பே 1849-50இல் வரைந்த ‘ஓர்னானில் ஓர் அடக்கம்’ மூன்று மீட்டருக்கு மேல் உயரமும் ஆறரை மீட்டருக்கு மேல் அகலமும் கொண்டது. அன்றைய பிரான்சில் அந்த அளவு புராணக் காட்சிகளுக்கும் மன்னர்களின் போர்க்களங்களுக்கும் உரியது. கூர்பே அதில் தன் ஊர்ப் பாதிரியாரையும் குழிவெட்டியையும் அழுது நிற்கும் பெண்களையும் ஆளுயரத்துக்கு நிறுத்தினார். முகங்கள் அவலட்சணமாக இருப்பதாக விமர்சகர்கள் கொதித்தார்கள். அதே முகங்கள் கையகலப் படத்தில் இருந்திருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். 1855இல் பாரிஸ் உலகப் பொருட்காட்சி அந்த ஓவியத்தை ஏற்க மறுத்தபோது, கூர்பே தனிக் கொட்டகை போட்டு, ‘யதார்த்தவாதம்’ என்ற தலைப்பில் நாற்பது படங்கள் வரை மாட்டினார். குழிவெட்டிக்கு மன்னரின் அளவு கிடைத்ததில்தான் சண்டையே தொடங்கியது.

நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து அமெரிக்காவில் அளவு மறுபடி பேசுபொருளாயிற்று. சக் குளோஸ் 1967-68இல் தன் முகத்தையே ஏறத்தாழ ஒன்பது அடி உயரத்துக்கு வரைந்தார்: வாயில் சிகரெட், சவரம் செய்யாத தாடை, கலைந்த தலை. ஒரு புகைப்படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் துணியில் ஏற்றும் முறை அவருடையது. குளோஸுக்கு முகங்களை அடையாளம் காண முடியாத குறைபாடு இருந்தது. பழகியவரையே தெருவில் கண்டுகொள்ளத் திணறியவர், முகத்தைத் தட்டையான பரப்பாக்கி அங்குலம் அங்குலமாகப் படித்தார். 1972இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த ‘டாக்குமென்டா’ கண்காட்சி இத்தகைய ஓவியர்களை ஒன்றாக வைத்துக் காட்டியது.

குளோஸின் முறை போய்ச் சேர்ந்த இடம்தான் எதிர்பாராதது. சீனாவின் சிச்சுவான் நுண்கலைக் கழக மாணவரான லுவோ ஜொங்லி, குளோஸின் பெரிய முகங்களைப் பற்றி அறிந்து, 1980இல் ஒரு கிழட்டு விவசாயியின் முகத்தை இரண்டு மீட்டருக்கு மேல் உயரமாக வரைந்தார். ‘தந்தை’ என்று பெயர். வெயிலில் வெடித்த தோல், நெற்றி வியர்வை, கையில் ஒரு கிண்ணம். அதுவரை அந்நாட்டில் அவ்வளவு பெரிதாகத் தொங்கிய முகம் மாவோவுடையது. விவசாயி புதிய சமூகத்தைச் சேர்ந்தவர் என்று காட்ட ஏதாவது வேண்டும் என்று மேலிடத்திலிருந்து யோசனை வர, லுவோ அவர் காதில் ஒரு பால்பாயிண்ட் பேனாவைச் செருகினார். வறுமையை மறைக்கச் செருகிய பேனா, மறைக்க வேண்டியிருந்தது என்பதையே இன்று சொல்லிக்கொண்டிருக்கிறது. நாடு அதே ஓவியத்துக்கு முதல் பரிசும் கொடுத்தது.

நேரத்தைப் பற்றிப் பேச ஸ்பெயினின் அந்தோனியோ லோபெஸ் கார்சியாவை விட்டால் ஆளில்லை. மாட்ரிட்டின் கிரான் வியா சாலையை அவர் 1974 முதல் 1981 வரை வரைந்தார். வேண்டிய வெளிச்சம் கோடை விடியலில் சிறிது நேரமே நிற்கும், அது போனதும் தூரிகையை வைத்துவிடுவார். 1990 இலையுதிர் காலத்தில் தன் வீட்டு முற்றத்துக் குவின்ஸ் மரத்தை அவர் வரைந்ததை விக்தோர் எரிசே திரைப்படமாக்கினார். தினமும் ஒரே இடத்தில் நிற்கவேண்டும் என்பதற்காகக் கால் வைக்கும் இடத்தில் ஆணி அடிக்கிறார். கொத்தனாரைப் போலத் தூக்குக்குண்டு கட்டி மரத்தின் நடுக்கோட்டைப் பிடிக்கிறார். இலையிலும் பழத்திலும் வெள்ளைச் சாயத்தால் குறியிடுகிறார். பழம் முற்ற முற்றக் கனத்தில் கிளை தாழ்கிறது. குறிகளும் கூடவே இறங்குகின்றன. அவர் மறுபடி குறியிடுகிறார். மழை பிடித்ததும் எண்ணெய் ஓவியத்தைக் கைவிட்டுப் பென்சிலை எடுக்கிறார். அதுவும் முடியுமுன் பழங்கள் உதிர்கின்றன. படம் முற்றுப்பெறவில்லை, ஆனால் ஒரு மரத்தைப் பார்ப்பது எவ்வளவு வேலை என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. இதே ஓவியர் ஸ்பெயின் அரச குடும்பத்தை 1994இல் வரையத் தொடங்கி 2014இல்தான் கொடுத்தார். முற்றத்து மரமானாலும் மன்னரானாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஓவியர் லூசியன் ஃபிராய்டும் எதிரே உட்காருபவர்களை மாதக்கணக்கில் உட்காரவைத்தவர். வேலைவாய்ப்பு அலுவலக ஊழியரான பருத்த பெண் ஒருவர் சோபாவில் ஆடையின்றித் தூங்கும் அவரது 1995 ஓவியம், 2008இல் 33.6 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது. உயிரோடிருந்த ஓவியர் ஒருவருக்கு ஏலத்தில் அதுவரை கிடைத்த உச்ச விலை அது. விலை சந்தையின் விவகாரம். அந்த உடலுக்கு யாரும் அவ்வளவு மாதங்கள் கொடுத்ததில்லை என்பதே நமக்கு முக்கியம். அமெரிக்காவின் ஏமி ஷெரால்டு கறுப்பின மக்களின் தோலைச் சாம்பல் நிறத்தில் வரைந்து, நிறத்தைத் தாண்டி ஆளைப் பார்க்கச் சொல்கிறார். 2018இல் அவர் வரைந்த மிஷெல் ஒபாமா ஓவியத்தைக் காண வாஷிங்டனில் மக்கள் வரிசையில் நின்றார்கள்.

நம் பக்கம் திரும்பினால் கதை கொஞ்சம் கோணலாகப் போகிறது. 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைக்கு வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் ‘உழைப்பாளர் சிலை’ 1959இல் மெரினாவில் திறக்கப்பட்டது. தலைவர்கள் வரிசையாக நிற்கும் கடற்கரையில், பாறையைப் புரட்டும் பெயரில்லாத நான்கு பேருக்கும் பீடம் கிடைத்தது. ஆனால் அவர் மாணவரான கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய காலத்தில், காத்திரமான ஓவியர்கள் கோட்டுக்கும் குறியீட்டுக்கும் நகர்ந்துவிட்டார்கள். அதற்கு நியாயம் உண்டு: பள்ளியில் கற்பித்த தத்ரூபம் காலனியப் பாடத்திட்டத்தின் மிச்சம்.

அங்கிருந்து வெளியேறிய யதார்த்தத்துக்குப் பத்திரிகையும் காலண்டரும் இடம் கொடுத்தன. ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பத்தின் எதிரே உட்கார்ந்து வரைந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ ஆனந்த விகடனில் வாரந்தோறும் வீடு தேடி வந்தது. மறுபுறம் ரவிவர்மா 1894இல் தொடங்கிய அச்சகத்தின் வழியில் வந்த காலண்டர்கள், செக்கச்செவேல் என்ற தேவிகளையே அழகின் அளவுகோலாக்கின. ஓவியர் இளையராஜாவின் எண்ணெய் ஓவியங்கள் பெற்ற வரவேற்பை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த அவர், கறுத்த தோலில் பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது தோன்றும் செம்பு நிறத்தையும் நீலத்தையும் பொறுமையாகத் தேடினார். 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோனபோது, கண்காட்சிப் பக்கமே போகாதவர்களும் அந்தப் படங்களைப் பகிர்ந்து அஞ்சலி செலுத்தினார்கள்.

அவர் வரைந்த பெண்கள் எல்லோரும் அழகிகள், அவர் கிராமத்தில் சாதியும் இல்லை சண்டையும் இல்லை என்ற குறை சரிதான். நேரத்தைக் கொட்டியும் ஏக்கத்தையே வரைய முடியும் என்பதற்கு அந்தப் படங்கள் சான்று. பென்சிலால் நடிகர் முகத்தைப் புகைப்படம்போல வரைந்து காணொளி போடுபவர்களின் உழைப்பும் இப்படித்தான்: ஏற்கெனவே எல்லோரும் பார்த்து முடித்த முகத்துக்கே மேலும் நூறு மணி நேரம் போகிறது. செயற்கை நுண்ணறிவு நொடியில் தத்ரூபத்தைத் தரும் இந்த நாளில், உருவ ஒற்றுமைக்கு மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். எஞ்சுவது தேர்வு. திருப்பூர் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுபவர், விடியலில் குப்பை வண்டி தள்ளுபவர், வடக்கிலிருந்து வந்து நம் கட்டடங்களுக்குக் கலவை சுமப்பவர்: இவர்களைச் செய்திப் புகைப்படத்தில் நொடி நேரம் பார்க்கிறோம். ஒன்பது அடி உயரத்தில், ஒரு வருட அவகாசத்தில் அவர்களை வரையத் துணியும் ஓவியரிடம்தான் தமிழ் யதார்த்த ஓவியத்தின் அடுத்த கட்டம் இருக்கிறது.