எம்.சி.ஆர். செருப்பு: காலுக்கு நல்லது, கண்ணுக்கு?

அம்மாவுக்குச் சர்க்கரை. பாதம் மரத்துப்போகுதுன்னு டாக்டர் எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்தார். சிங்கப்பெருமாள் கோயில்ல கடைக்காரர் எடுத்துக் காட்டினதும் அம்மா, "இது திருமணி ஆஸ்பத்திரி செருப்பாச்சே" என்றார். வாங்காமலே வந்துட்டோம்.

அம்மா சொன்னது தப்பில்லை. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-ல் தொடங்கிய தொழுநோய் இல்லத்தை 1955-ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. தொழுநோயில் பாதத்தின் உணர்ச்சி போய்விடும். முள் குத்தினாலும் தெரியாது. வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் குழுவினரும் கண்ட வழி இது: அழுத்தத்தைப் பரப்பும் மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர், அதன் கீழே முள் ஏறாத கெட்டி அடி, கழன்று விழாமல் பின்வார். ஆணியே கிடையாது. ரொம்பச் சிதைந்த காலுக்கு அச்சு எடுத்துத் தனியாகச் செய்வார்கள்.

வேலைப்பாட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என் குறை வேற. ஒரே கறுப்பு, ஒரே வடிவம். பார்த்தாலே நோய் தெரிஞ்சிடும். வெளியே கிளம்பும்போது வீட்டில் கழற்றி வைக்கிற செருப்பு எந்தப் புண்ணைத் தடுக்கும்? இங்கே அழகு ஆடம்பரமில்லை, மருந்தில் பாதி.

இப்போ சர்க்கரைக்காரர்களுக்காக நிறமும் டிசைனும் வந்தாச்சு. சந்தோஷம்தான். ஆனா முதலில் போட்டவங்களுக்கும் அதே வெட்கம் இருந்ததே. அது யார் கண்ணிலும் படலையா?

அம்மாவுக்குப் பழுப்பில் ஒரு ஜோடி கிடைச்சுது. கோயில் வாசல் வரை போட்டுட்டுப் போறாங்க. உள்ளே அதே ரப்பர்தான்.