புதுவல் நிலம் கேட்ட குரல்

திருவனந்தபுரத்தில் ஆரியசாலையிலிருந்து கிளம்பி, சாலைக் கடைத்தெருவைத் தாண்டி, ஸ்டாச்சு வழியாக நடந்தால் பாளையத்தில் 1896-இல் கட்டிய ஜூபிலி மண்டபம் வந்துவிடும். திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபை 1904-இல் முதன்முதலாகக் கூடியது அங்கேதான். மறு ஆண்டு தேர்தல் வந்தது. ஆனால் வாக்கு, நிலவரி கட்டுகிறவர்களுக்கும் வருமானம் உள்ளவர்களுக்கும் பட்டதாரிகளுக்கும்தான். சாலையில் மண்டி வைத்திருந்த வசதியான வணிகர் அந்தத் தகுதியை எட்டிவிடலாம். சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லாத புலையர் என்ன செய்வார்? அரசு நியமித்தால் ஒழிய உள்ளே போக வழியில்லை.

1911 டிசம்பரில் அப்படி நியமிக்கப்பட்டவர் புலையர் தலைவர் வெங்ஙானூர் அய்யன்காளி. பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடப்படாதவர். திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் முன் எழுந்து நின்று, புலையருக்குப் புதுவல் நிலம், அதாவது அரசின் தரிசு நிலம், கேட்டார். அந்தக் கோரிக்கையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புலையரின் குடிசை ஜன்மியின், அதாவது நிலக்கிழாரின், மண்ணில் இருந்தது. கூலி கேட்டு முரண்டினால் அன்றே குடிசை போகும். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி வயல்வேலையை நிறுத்தியவர்களுக்கு இது பட்டறிந்த பாடம். சொந்த மனை இருந்தால்தான் வேலைநிறுத்தமும் நிலைக்கும், படிப்பும் நிலைக்கும். விளப்பில் பகுதியில் 500 ஏக்கர் ஒதுக்கப்பட்டதை அந்தப் பேச்சின் பலனாகவே வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் கேட்டவற்றில் பள்ளி அனுமதி, கட்டணச் சலுகை, அரசு வேலை எல்லாம் உண்டு. எனக்கு அவையெல்லாம் அந்த ஒரு மனையைச் சுற்றியே நிற்பதாகப் படுகிறது.

ஆய்வாளர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். அவர் பேசியது மலையாளம். சபை நடவடிக்கைக் குறிப்போ ஆங்கிலத்தில், ‘உறுப்பினர் கேட்டுக்கொண்டார்’ என்கிற படர்க்கையில் சுருங்கிக் கிடக்கிறது. கோரிக்கை தங்கிவிட்டது, குரல் தங்கவில்லை. டி.எச்.பி. செந்தாரச்சேரி 1979-இல் எழுதிய வாழ்க்கை வரலாறு அந்தக் குரலை மக்களின் நினைவிலிருந்து தேடியது. எம். நிஸாரும் மீனா கந்தசாமியும் 2007-இல் எழுதிய நூல் அவரை ஒரு போராட்டத் தலைவராக முன்னிறுத்தியது. இரண்டும் வேண்டியவை. ஆனால் அய்யன்காளியைத் தனி மரமாக வாசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதே சபையில் காவாரிகுளம் கண்டன் குமாரன் பறையர்களுக்காகப் பேசினார். பொய்கையில் யோஹன்னான் 1921-இலும் 1931-இலும் உறுப்பினரானார். குறும்பன் தெய்வத்தானும் இருந்தார். இவர்கள் கேட்டவற்றை ஆண்டு வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அரசு சொன்ன பதிலையும் பிறகு தாலுகா கச்சேரியில் அந்த மனுவுக்கு நேர்ந்ததையும் பக்கத்திலேயே வைத்துப் படிக்க வேண்டும். எந்த மனு எந்த மேசையில் முடங்கியது என்பது அப்போதுதான் தெரியும்.

அந்த மண்டபத்துக்கு 2019-இல் அய்யன்காளியின் பெயரை வைத்தார்கள். பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் 1937-இல் காந்தியிடம் சொன்ன ஆசைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது: தன் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்க்க வேண்டும். சபைக்குள் கால் வைத்து அதற்குள் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.