வீடற்றவனும் நாடற்றவரும்

சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' நாவலைத் தொழிற்சங்க நாவல் என்றே பெரும்பாலும் வாசிக்கிறோம். அது பிழையல்ல, போதாது என்கிறேன். அவரே 'நாடற்றவர் கதை'யும் எழுதினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மலையக அரசியல் வரலாற்றை 1948 பிரஜாவுரிமைச் சட்டத்திலிருந்து தொடங்குவது நம் வழக்கம். நான் படிப்பிக்கும் கேகாலை மாவட்டத்தில் அது 1946இலேயே தொடங்கிவிட்டது. உருளவள்ளித் தோட்டத்தை அரசாங்கம் கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிக்க எடுத்து, தொழிலாளரை லயங்களை விட்டு எழும்பச் சொன்னது. அவர்கள் மறுத்தார்கள். வழக்கும் வந்தது, வேலைநிறுத்தமும் வந்தது. முதலில் வீடு பறிபோனது. இரண்டு வருடத்தில் நாடு. நாவலின் தலைப்பை இந்த ஒழுங்கில்தான் வாசிக்க வேண்டும்.

வீட்டோடு ஊரையும் இழப்பது என்னவென்று 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்களுக்குத் தெரியும். ஆகவே இதை மற்றவர் கதையாக நாம் வாசிக்க முடியாது.

எஞ்சியிருந்தவர்களுக்கு 2003 சட்டம் பிரஜாவுரிமை தந்தது. இதைப் படிப்பித்து முடித்த அன்று ரப்பர் தோட்டத்துப் பிள்ளையொன்று கேட்டது: "நாடு கெடைச்சிருச்சு. லயத்துக்கு உறுதி எப்ப சேர் தருவாங்க?"

'வீடற்றவன்' பற்றி இதைவிட நல்ல விமர்சனத்தை நான் வாசித்ததில்லை.